தலையெழுத்தும் நாலு நம்பரும்

கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என்று வடசிலாங்கூர்த் தோட்டங்களில் எந்த லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) போய்க் கேட்டாலும், வாழ்க்கையில் நடந்த பெரிய காரியங்களுக்கு இரண்டு விளக்கங்கள் கிடைக்கும். ஒன்று தலையெழுத்து, மற்றது நம்பர், அதாவது நாலு இலக்க லாட்டரி. மகன் படிப்பை விட்டான், மரம் விழுந்து கால் போனது, தோட்டத்தை விற்றார்கள் என்றால் தலையெழுத்து. பக்கத்து வீட்டுக்காரர் திடீரென்று கார் வாங்கினால் அவருக்கு நம்பர் அடித்துவிட்டது. முதல் விளக்கத்தில் எல்லாம் முன்பே முடிவானது. இரண்டாவதில் எதுவும் முடிவாகவில்லை, பந்து எப்படி உருளுகிறதோ அப்படி. மெய்யியலார் இவற்றை நியதி என்றும் தற்செயல் என்றும் அழைப்பார்கள். இரண்டுக்கும் நடுவில், 'இதை நான்தான் தீர்மானித்தேன்' என்று ஒருவர் சொல்ல இடம் இருக்கிறதா என்பதுதான் பழைய வழக்கு.

தலையெழுத்தையும் நம்பரையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனித முயற்சிக்குத் தலையெழுத்துதான் எதிரி என்று நம் சீர்திருத்த மேடைகள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தன. எனக்கு நம்பர்தான் பெரிய எதிரியாகத் தெரிகிறது.

தலையெழுத்துக் கொள்கையைக் கடைசி எல்லை வரை கொண்டுபோனவர்கள் ஆசீவகர்கள். அவர்களுடைய கொள்கையை மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் கேட்கலாம். நீலகேசி அவர்களோடு வாதிடுகிறாள். சோழர் காலக் கல்வெட்டுகளில் அவர்கள் மீது வரி இருந்த செய்தி கிடைப்பதால், தமிழ்நாட்டில் அவர்கள் நெடுங்காலம் வாழ்ந்தார்கள் என்பதும் தெரிகிறது. அவர்களுடைய ஆசான் மற்கலி சொன்னதாகப் பௌத்த நூல் ஒன்று தரும் உவமை எளிமையானது: உருட்டிவிட்ட நூலுண்டை நூல் தீரும் வரை அவிழ்ந்து ஓடுவதுபோல, அறிஞனும் மூடனும் எண்பத்து நான்கு லட்சம் பெருங்கற்பங்கள் அலைந்து முடித்த பிறகே துன்பத்திலிருந்து விடுபடுவார்கள். தவம் செய்தால் சீக்கிரம் விடுதலை கிடைக்காது, கெட்டுத் திரிந்தால் தாமதமும் ஆகாது. இந்தக் கடுமை லயத்து மனிதர்களிடம் இல்லை. அவர்கள் தலையெழுத்து என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நேரத்தோடு போய் நிற்பார்கள். பேச்சில் ஆசீவகம், நடப்பில் வேறு.

ஆனால் தலையெழுத்து என்று அவர்கள் சொன்னதற்குப் பின்னால் உண்மையிலேயே ஓர் எழுத்து இருந்தது. அதை எழுதியது பிரம்மன் இல்லை. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு எண்ணெய்ப் பனை (செம்பனை) கன்றுகளை நட்டார்கள். அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்ராவின் டெலி பகுதிக்குப் போயின. அங்கிருந்து வந்த விதைகளைக் கோல சிலாங்கூருக்கு அருகில் ரந்தாவ் பாஞ்சாங்கில் அழகுக்காக நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர். 1917-இல் அதே மனிதர் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் எஸ்டேட்டில் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். (இந்த வட்டார அனுபவத்தை வைத்து அவர் எழுதிய மலேசியா நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. நம் தமிழ்த் தொழிலாளர்கள் அதில் வருகிறார்கள். தமிழில் அதைப் பற்றி நாம் பேசியது மிகக் குறைவு.)

சில பத்தாண்டுகள் கழித்து ரப்பர் விலை சரிந்தபோது தோட்ட நிறுவனங்கள் பால்மரத்தை வெட்டிச் செம்பனையை நட்டன. பால்மரத்துக்கு நாள் தவறாமல் விடியற்காலையில் கத்தியோடு ஆள் வர வேண்டும். செம்பனைக்கு அத்தனை பேர் வேண்டாம். லயங்கள் காலியாயின. பிறகு நிலத்தின் விலை பயிரின் விலையைத் தாண்டியது, தோட்டங்கள் மேம்பாட்டாளர்கள் கைக்கு மாறின. நாற்பது வருடம் மரம் சீவிய ஒரு பாட்டி, 'எங்க தலையெழுத்து, வீட்ட விட்டுப் போகச் சொல்றாங்க' என்று சொன்னால், அந்தச் சங்கிலியின் மறுமுனை போகோரில் நட்ட நான்கு கன்றுகள் வரை நீள்கிறது. அவளுக்கு அது தெரியாது. ஆனால் தன் வாழ்க்கை தன் கண்ணுக்கு எட்டாத காரணங்களால் ஆனது என்று அவள் உணர்ந்தது தவறே இல்லை.

தலையெழுத்து என்றால் எழுதியவர் ஒருவர் இருக்க வேண்டும், முடிவு அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நியதி என்று அறிவியல் சொல்வதற்கு எழுதுபவர் தேவையில்லை. இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தானில் இரவில் படகில் போனால், ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைவதைப் பார்க்கலாம். தாளம் போடும் தலைவன் எங்கோ இருக்கிறான் என்றுதான் முதலில் பலர் நினைத்தார்கள். 1990-இல் ரெனாட்டோ மிரோல்லோவும் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸும் கணக்கால் நிறுவியது வேறு: ஒவ்வொரு பூச்சிக்கும் தனக்கென ஓர் உள் கடிகாரம், பக்கத்துப் பூச்சி மின்னினால் அந்தக் கடிகாரம் கொஞ்சம் முன்னே நகரும், இவ்வளவு போதும். ஏறக்குறைய எங்கிருந்து தொடங்கினாலும், கடைசியில் எல்லாம் ஒரே தாளத்துக்கு வந்து சேரும். யாரும் எழுதவில்லை, ஆனாலும் ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு பூச்சியும் தன் பங்கைச் செய்வதால்தான் அந்த ஒழுங்கே வருகிறது.

கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது. நீ என்ன செய்தாலும் முடிவு ஒன்றுதான் என்பது ஊழ்வாதம். முடிவு நீ செய்வதன் வழியாகத்தான் வரும் என்பது நியதி. இரண்டையும் குழப்பியதால் வந்த ஒரு பழைய வாதம் கிரேக்கத்தில் உண்டு. அதைச் சோம்பேறி வாதம் என்பார்கள். நோய் தீர வேண்டும் என்று விதி இருந்தால் வைத்தியரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் தீரும், தீராது என்றிருந்தால் அழைத்தும் பயனில்லை, ஆகவே அழைக்க வேண்டாம். ஸ்டோயிக் மரபின் கிரிசிப்பஸ் இதற்குச் சொன்ன பதில் இன்றைக்கும் நிற்கிறது: நோய் தீர்வது விதியில் இருந்தால், வைத்தியரை அழைப்பதும் அதே விதியில் சேர்ந்தே இருக்கலாம். ஒன்றைப் பிரித்து மற்றதை வைத்துக்கொள்ள முடியாது. பெரட்டுக்கு நேரத்தோடு போன மனிதர் கிரிசிப்பஸைப் படித்ததில்லை. அவரைவிட நல்ல ஸ்டோயிக்கும் இல்லை.

இனி நம்பருக்கு வருவோம். மேக்னம் நிறுவனம் 1969-இல் நாலு நம்பர் குலுக்கலைத் தொடங்கியது. அதே ஆண்டு டோட்டோவும் வந்தது. தோட்டத்துக்கு அருகில் இருந்த சிறு பட்டணங்களில் எல்லாம் நம்பர் கடை முளைத்தது. 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் நம்பர்கள், ஒவ்வொரு குலுக்கலிலும் 23 நம்பர்களுக்குப் பரிசு. பெரிய ஆட்டத்தில் ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, பத்துச் சிறப்புப் பரிசுகள் தலா 180, பத்து ஆறுதல் பரிசுகள் தலா 60. எல்லாவற்றையும் கூட்டினால் 6,400. பத்தாயிரம் வெள்ளி உள்ளே போனால் சராசரியாக 6,400 வெள்ளி திரும்பி வரும். அதாவது ஒரு வெள்ளிக்கு 64 காசு. வாரத்துக்கு மூன்று குலுக்கலிலும் ஒரே நம்பரை விடாமல் எடுக்கும் ஒருவருக்கு முதல் பரிசு சராசரியாக 64 வருடத்துக்கு ஒரு முறை வரும். இந்தக் கணக்கை நம்பர் கடை வாசலில் நின்று சொல்லிப் பாருங்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

பார்க்க மாட்டார்கள் என்பதற்கு அறியாமை மட்டும் காரணமில்லை. நம்பர் எடுப்பவர் தற்செயலை நம்புவதே இல்லை. கனவில் பாம்பு வந்தால் அதற்கு ஒரு நம்பர் உண்டு. சாலையில் விபத்து நடந்தால் கவிழ்ந்த வண்டியின் நம்பரைக் குறித்துக்கொள்வார்கள். முனியாண்டி கோவிலில் படையல் போட்டு நம்பர் கேட்பவர்கள் உண்டு. விழப்போகும் நம்பர் எங்கோ ஏற்கனவே எழுதியிருக்கிறது, அதை எட்டிப் பார்க்க ஓர் ஓட்டை கிடைத்தால் போதும் என்பதே அவர்கள் எண்ணம். ஆக, தற்செயலின் கோவிலுக்குத் தலையெழுத்தின் பக்தர்களே போகிறார்கள். லாப்லாஸ் 1814-இல் கற்பனை செய்த அறிவு, உலகின் ஒவ்வொரு துகளும் இருக்கும் இடத்தையும் விசையையும் அறிந்து எதிர்காலத்தை வாசிக்கும் அறிவு, அதைத்தான் முனியாண்டியிடம் எதிர்பார்க்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால் இயற்பியலும் அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. குலுக்கல் எந்திரத்தில் உருளும் பந்து நியூட்டன் விதிகளின்படிதான் உருளுகிறது. நம்மால் கணிக்க முடியவில்லை, அவ்வளவுதான். காரணமே இல்லாத தற்செயல் வேண்டுமென்றால் அணுவுக்குள் போக வேண்டும். ஒரு யுரேனிய அணு இந்த நொடியில் சிதைவதற்கும் அடுத்த நூற்றாண்டில் சிதைவதற்கும் இடையே எந்த முன்காரணமும் இல்லை என்பதே பெரும்பாலான இயற்பியலாளர் ஏற்கும் விளக்கம். இதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, உலகம் கட்டுண்டு கிடக்கவில்லை, ஆகவே நமக்குச் சுதந்திரம் உண்டு என்று ஒரு கட்சி கிளம்பியது. எபிக்யூரஸ் வழிவந்தவர்கள் அணுக்கள் தம் பாதையிலிருந்து கொஞ்சம் விலகுகின்றன என்று சொன்ன காலத்திலிருந்தே இந்த ஆசை இருக்கிறது.

இந்த ஆசையைச் சோதிக்க ஒரு கற்பனை போதும். ஒரு தொழிலாளி, தண்டல் (மேற்பார்வையாளர்) சொன்ன கணக்கில் கையெழுத்துப் போடுவதா மறுப்பதா என்று யோசிக்கிறார். பிள்ளைகளின் பசியை நினைக்கிறார், போன மாதம் ஏமாந்ததை நினைக்கிறார், தொழிற்சங்கத்தில் கேட்டதை நினைக்கிறார். கடைசியில் மறுக்கிறார். அந்த மறுப்பு அவருடைய நினைவுகளிலிருந்தும் சினத்திலிருந்தும் வந்தது என்றால் அது அவருடையது. மூளையில் ஏதோ ஓர் அணு எந்தக் காரணமும் இல்லாமல் சிதைந்ததால் கை பின்வாங்கியது என்றால் அதில் அவருக்கு என்ன பங்கு? அவருக்கு உள்ளே ஒரு குலுக்கல் எந்திரம் ஓடியது என்றாகும். டேவிட் ஹியூம் 1748-இலேயே இதைப் பார்த்துவிட்டார். செயலுக்கும் செய்தவரின் குணத்துக்கும் காரணத் தொடர்பு இல்லாவிட்டால் யாரையும் புகழவும் முடியாது, குற்றம் சாட்டவும் முடியாது என்றார். சுதந்திரத்துக்கு எதிரானது காரணம் இல்லை, கட்டாயமே என்பது அவர் நிலை.

திருக்குறளில் இதே வழக்கின் இரு தரப்பும் இருக்கின்றன. அறத்துப்பாலின் கடைசி அதிகாரம் ஊழ், 38-ஆவது. விதியைவிட வலியது வேறு என்ன இருக்கிறது, அதைத் தடுக்க வேறு வழி தேடினாலும் அதுவே முந்திக்கொண்டு நிற்கும் என்று அது முடிகிறது. பொருட்பாலில் 62-ஆவது அதிகாரம் ஆள்வினையுடைமை. தெய்வத்தால் ஆகாதது என்றாலும் உடலை வருத்தியதற்குரிய கூலி கிடைத்தே தீரும் என்றும், தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காட்டி ஓடச்செய்வார் என்றும் அது முடிகிறது. ஒரே நூலில் இப்படி நேருக்கு நேர் மோதும் இரண்டு தீர்ப்புகளை வைத்துக்கொண்டு பட்டிமன்றம் நடத்தி நாம் பொழுதைக் கழித்துவிட்டோம். பரிமேலழகர் அதைவிடக் கூர்மையாகப் பார்த்தார். ஊழ் ஒரு முறையோ இரு முறையோதான் விலக்கும், பலமுறை முயல்பவர் பயனை அடைவார் என்பது அவர் உரையின் கருத்து.

பலமுறை என்பதில் என்ன இருக்கிறது? நம்பர் எடுப்பவரும் பலமுறைதான் எடுக்கிறார். பல வருடம் விடாமல் எடுத்தவருக்கும் நேற்று முதல் டிக்கெட் வாங்கியவருக்கும் அடுத்த குலுக்கலில் முதல் பரிசு வாய்ப்பு ஒன்றே: பத்தாயிரத்தில் ஒன்று. எந்திரத்துக்கு நினைவு இல்லை. போன தோல்வி அடுத்த குலுக்கலுக்குள் நுழைவதில்லை. ஆனால் மனு எழுதுபவர் இரண்டாம் முறை எழுதும்போது முதல் மனு ஏன் நிராகரிக்கப்பட்டது என்பதை அறிந்து எழுதுகிறார். மூன்றாம் முறை போகும்போது கூட நாலு பேரை அழைத்துப் போகிறார். ஒரு முயற்சி அடுத்ததற்குக் காரணமாகிறது. காரணங்கள் தொடரும் உலகில்தான் பரிமேலழகரின் பலமுறை பொருள்படும். தற்செயல் ஆளும் உலகில் அது வெறும் எண்ணிக்கை. நியதியையும் நம்பரையும் ஒப்பிடும்போது நியதியே முயற்சிக்கு உறவு என்று நான் சொல்வது இதனால்தான்.

காரணத்தையும் கட்டாயத்தையும் பிரித்துப் பார்க்க நம் வரலாற்றிலேயே இரண்டு முறைகள் இருந்தன. ஒப்பந்தக் கூலி முறையில் வந்தவர் காலம் முடியும் முன் ஓடினால் சட்டம் அவரைக் குற்றவாளியாக நடத்தியது. மலாயாவில் அது 1910-இல் நிறுத்தப்பட்டது. ஊரில் ஆள் திரட்டிய கங்காணி வழியாக வந்தவர் சட்டப்படி சுதந்திரத் தொழிலாளி, ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் வேலைக்கு வரும் ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஊரில் வாங்கிய முன்பணம் கடனாக நின்றது, லயம் தோட்டத்தினுடையது, சுற்றிலும் இருப்பவர்கள் அதே ஊர்ச் சொந்தக்காரர்கள். முதலாவதில் கதவு பூட்டியிருந்தது. இரண்டாவதில் கதவு திறந்தே இருந்தது, வெளியே போக வழிச்செலவுதான் இல்லை. ஹியூம் கட்டாயம் என்று சொன்னபோது பூட்டிய கதவைத்தான் நினைத்திருப்பார். கடனும் ஒரு கட்டாயம் என்பதைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அவருடைய பாகுபாடு தோட்டத்துக்குப் பொருந்தாது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு இன்னொன்றும் இருந்தது: வெள்ளைக்காரத் துரைக்கு எதிரில் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். மே 16-இல் சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, துருப்புகள் வந்தன, ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இவர்கள் காரணமில்லாமல் எழுந்தவர்கள் இல்லை. போர்க்காலத்தில் ரப்பர் விலை ஏறியது, கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை. இந்திய தேசியக் காற்று வீசியது. 1938-இல் இந்தியா தொழிலாளர் அனுப்புவதைத் தடுத்ததால் ஆள் பற்றாக்குறை இருந்தது. வரலாற்றாசிரியர் ஒருவர் இத்தனை காரணங்களையும் அடுக்கி, இந்த வேலைநிறுத்தம் நடந்தே தீர வேண்டியது என்று காட்டிவிடலாம். அப்படிக் காட்டினால் சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவரின் துணிவு குறைந்துவிடுமா? குறையாது. அந்தக் காரணங்கள் அவருக்குள் புகுந்து அவருடைய நியாயமாக மாறின. அவர் இறங்காததற்கு நியாயம் கேட்டால் அவரால் சொல்ல முடியும். மின்மினியைக் கேட்டால் அதனால் முடியாது.

காரணமும் சுதந்திரமும் ஒத்துப்போகும் என்ற இந்த நிலைக்கு இணக்கவாதம் என்று பெயர். இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ராபர்ட் சபோல்ஸ்கி என்ற அமெரிக்க நரம்பியலாளர் 2023-இல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். அவர் கேட்பது இதுதான்: அந்த நியாயத்தை ஏற்கும் மூளை உனக்கு எங்கிருந்து வந்தது? கருவில் தாய்க்கு இருந்த பசி, குழந்தைப் பருவத்து அச்சம், பள்ளிக்கூடம் இருந்ததா இல்லையா, இவற்றில் எதை நீ தேர்ந்தெடுத்தாய்? தோட்டத்தில் பிறந்த யாரும் இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரே லயத்தில் அடுத்தடுத்த கதவுகளில் பிறந்த இருவரில் ஒருவர் வழக்கறிஞராகவும் மற்றவர் குண்டர் கும்பலிலும் போய்ச் சேர்ந்தால், முதலாமவரின் முயற்சியைப் புகழ்ந்து இரண்டாமவரைப் பழிப்பது நம் மேடைகளின் வழக்கம். முயற்சி செய்யும் திறனே சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதை அந்த மேடை மறந்துவிடுகிறது. இந்த இடத்தில் சபோல்ஸ்கி சொல்வது சரி என்றே நினைக்கிறேன். தண்டனை பற்றியும் ஏழ்மை பற்றியும் பேசும்போது அவர் பக்கம் நிற்க வேண்டும். ஆனால் அவர் தம் வாதத்தை ஒரு புத்தகமாக எழுதி, நம் மனத்தை நியாயங்களால் மாற்ற முயல்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். நியாயத்தைக் கேட்டு மாறும் ஒரு மனம் இருக்கிறது என்று அவரும் நம்புகிறார். சுதந்திரம் என்று நான் கேட்பது அவ்வளவுதான்.

அந்த அளவுக்காவது சுதந்திரம் இருந்தது என்பதற்கு என்னிடம் உள்ள சாட்சி பெஸ்தாரி ஜெயா. பத்தாங் பெர்ஜுந்தையின் இன்றைய பெயர் அது. நைஜல் கார்ட்னர், மேரி, புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்று அதைச் சுற்றியிருந்த ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள், தோட்டம் கைமாறிய பிறகு சொந்த வீடு கேட்டார்கள். மனு, சந்திப்பு, நினைவூட்டல், மறுபடி மனு. மந்திரிகள் மாறினார்கள், ஆட்சிகள் மாறின, கேட்டவர்களில் மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். நம்பர் கடையில் செலவிட்ட காசு ஒரு தலைமுறைக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தவர் இல்லை. ஆனால் வீடு கேட்ட மனுக்களின் கோப்பு மட்டும் கைவிட்டுப் போகாமல் பிள்ளைகள் கைக்கு வந்தது. 2024-இல் அந்த ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்களுக்கான வீடமைப்புத் திட்டத்தைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அங்கே தொடக்கி வைத்தார். அவர்கள் கேட்கத் தொடங்கிக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.